1,750 ரூபாய்க்கு ஒரு கம்பெனியைக் கலைக்கலாமா? ஒரு சட்ட விதி பிறந்த கதை

இருபத்தைந்து பங்குகள். பங்குக்கு எழுபது ரூபாய் வீதம் 1,750 ரூபாய் டிவிடெண்ட். அந்தப் பணம் கைக்கு வரவில்லை என்று ஒரு பங்குதாரர் நோட்டீஸ் அனுப்பினார். பதில் திருப்தியாக இல்லை. உடனே அவர் கேட்டது பணத்தை அல்ல, கம்பெனியின் உயிரை. கடனைக் கட்ட முடியாத நிலைக்குக் கம்பெனி வந்துவிட்டது, ஆகவே அதைக் கலைத்துவிடுங்கள் என்று மனுப் போட்டார். அதே காரணத்தைச் சொல்லி வேறு சில பங்குதாரர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

கம்பெனியின் பெயர் அமால்கமேட்டட் கமர்ஷியல் டிரேடர்ஸ். சென்னையிலிருந்து கிளம்பிய அந்த வழக்கை 1965-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். திருச்சி–புதுக்கோட்டை சாலையில் மாத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு வெட்டி, வெல்டிங் அடித்து, பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டுப் பில் பணத்துக்குக் காத்திருக்கும் பட்டறைக்காரர் அந்த வழக்கின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவருடைய பாக்கி வருமா வராதா என்பதில் அதற்கு ஒரு பங்கு உண்டு.

அங்கே நிலைத்த விதி இதுதான்: உண்மையாகவே தகராறில் இருக்கும் ஒரு கடனை வசூலிக்க, கம்பெனியைக் கலைக்கும் மனுவை ஆயுதமாக்கக் கூடாது. கேட்டால் எளிய நியாயம்போல இருக்கிறது. இந்த இடத்துக்கு வந்து சேர நூறு வருடம் ஆனது. அதன் எல்லைக்கோடு எங்கே என்ற சண்டை சமீப வருடங்கள் வரை ஓய்ந்தபாடில்லை.

வீடில்லாத கடனாளி

முதலில் அந்த ஆயுதம் ஏன் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி போன்ற ஊர்களிலிருந்து நகரத்தார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் லேவாதேவிக்குப் போன காலத்தில், தொழில் ஒரு விலாசத்தின் பேரில் நடந்தது. நாலைந்து முன்னெழுத்துகள் சேர்ந்த அந்த விலாசத்துக்குப் பின்னால் ஆள் இருந்தார், குடும்பம் இருந்தது, ஊரில் வீடும் நிலமும் இருந்தன. கடை நொடித்தால் கடன்காரன் அந்த வீடுவரை வரலாம். பொறுப்புக்கு வரம்பு கிடையாது. பேரேட்டில் விழுந்த பற்று, முதலாளியின் தலையில் விழுந்த பற்று.

வரம்புக்குட்பட்ட கம்பெனி என்ற ஏற்பாடு இதைத் தலைகீழாக்கியது. இங்கிலாந்தில் 1855-இலும் இந்தியாவில் 1857-இலும் வந்த சட்டங்கள், பங்கு போட்டவர் தன் பங்குத்தொகைக்கு மேல் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றன. முதலாளியின் வீடு தப்பித்தது. கடன் கொடுத்தவர் எதிரே இப்போது நிற்பது சட்டம் உண்டாக்கிய ஒரு நபர். அதைச் சிறையில் போட முடியாது, அதற்குச் சொந்த ஊரில் தோட்டம் துரவு கிடையாது. கடன் கொடுத்தவருக்கு ஏதாவது ஈடு செய்தாக வேண்டும். சட்டம் கொடுத்த ஈடு, கம்பெனியின் ஆயுளையே முடித்துவைக்கக் கேட்கும் உரிமை.

1862-ஆம் வருட ஆங்கிலக் கம்பெனிச் சட்டம் அந்த உரிமைக்கு ஒரு சுருக்கு வழியும் வைத்தது. ஐம்பது பவுனுக்கு மேல் கடன் பாக்கி இருந்து, எழுத்தில் கேட்டும், மூன்று வாரம் கம்பெனி அலட்சியமாக இருந்தால், அது கடனைக் கட்ட இயலாத கம்பெனி என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, சொத்தையும் கடனையும் கூட்டிக் கழித்து நிரூபிக்கும் வேலை கடன் கொடுத்தவருக்கு மிச்சம். இந்தியாவின் 1913-ஆம் வருடச் சட்டத்தில் ஐம்பது பவுன் ஐந்நூறு ரூபாய் ஆனது. மூன்று வாரம் மூன்று வாரமாகவே இருந்தது. 1956-இல் நேரு காலத்துப் புதிய கம்பெனிச் சட்டம் வந்தபோதும் அந்த ஐந்நூறு ரூபாய் நகரவில்லை. அதனால்தான் 1,750 ரூபாய்க்கு ஒருவர் நீதிமன்றப் படி ஏற முடிந்தது.

விளம்பரமே தண்டனை

சாதாரண வசூல் வழக்குக்கும் கலைப்பு மனுவுக்கும் உள்ள வித்தியாசம் தொழில் செய்கிறவர்களுக்கு உடனே புரியும். வசூல் வழக்கில் இரண்டு பேருக்குள் சண்டை. வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கலைப்பு மனு அப்படியல்ல. அது எல்லாக் கடன்காரர்களுக்கும், தொழிலாளிகளுக்கும், பங்குதாரர்களுக்கும் சேர்ந்த விஷயம். ஆகவே மனு ஏற்கப்பட்டதும் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு வட்டார மொழி நாளிதழ். பேப்பரில் பார்த்த வங்கி ஓவர்டிராஃப்டை நிறுத்தும். சரக்குக் கொடுப்பவர் ரொக்கம் கேட்பார். மனு தாக்கலான நாளுக்குப் பிறகு கம்பெனி விற்ற சொத்து கலைப்பு உத்தரவு வந்தால் செல்லாமல் போகும் அபாயமும் இருந்தது. ஆகவே யாரும் அதனிடம் எதுவும் வாங்கத் தயங்குவார்கள். கடைசியில் மனு தள்ளுபடியானாலும் அதற்குள் கம்பெனி படுத்திருக்கும்.

இந்தப் பயமே வசூலுக்கு நல்ல கருவி என்று வக்கீல்கள் கண்டுகொள்ள அதிக நாள் ஆகவில்லை. பில்லில் தகராறு இருந்தாலும் பரவாயில்லை. கலைப்பு நோட்டீஸ் ஒன்றைத் தட்டிவிட்டால் மானத்துக்குப் பயந்து கொடுத்துவிடுவார்கள். இங்கிலாந்தில் 1870-களில் இது பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

அதற்குக் கடிவாளம் போட்டவர்களில் முக்கியமானவர் நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல். 1874-இல் லண்டன் அண்ட் பாரிஸ் பேங்கிங் கார்ப்பரேஷன் வழக்கில் அவர் சட்டத்தின் மூன்று வார நிபந்தனையை எடுத்துப் பிரித்தார். சட்டம் சொல்வது அலட்சியமாக இருந்தால் என்று. நியாயமான காரணம் சொல்லிக் கொடுக்க மறுப்பவர் அலட்சியக்காரர் இல்லை. ஆகவே கடனை உண்மையாக மறுக்கும் கம்பெனி மூன்று வாரம் கழிந்ததாலேயே திவாலாகிவிடாது. 1882-இல் கோல்டு ஹில் மைன்ஸ் வழக்கில் இன்னும் காட்டமாகப் பேசினார். மிரட்டிப் பணம் பறிக்கக் கலைப்பு மனுவைப் போடுவது நீதிமன்றத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்பது அவர் கட்சி. அந்தக் கருத்துகளைப் பக்லி எழுதிய கம்பெனிச் சட்ட நூல் பதிப்புக்குப் பதிப்பு ஏந்திக்கொண்டு வந்தது. அந்த நூல் வழியாகத்தான் அவை நம் ஊர் நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்தன.

சர்க்கரை ஆலைக் கமிஷன்

இப்போது 1,750 ரூபாய்க்குத் திரும்பலாம்.

1959 டிசம்பரில் அமால்கமேட்டட் கம்பெனி டிவிடெண்ட் அறிவித்தது. அறிவிப்பில் ஒரு கொக்கி இருந்தது: இரண்டு சர்க்கரை ஆலைகளிடமிருந்து வர வேண்டிய கமிஷன் வந்த பிறகுதான் டிவிடெண்ட் கொடுக்கப்படும். கமிஷன் 1960 மே மாதம் வரை வரவில்லை. கம்பெனிச் சட்டத்தின் 207-ஆம் பிரிவோ, அறிவித்த டிவிடெண்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்றது.

பங்குதாரர் தரப்பு சொன்னது: அறிவித்துவிட்டீர்கள், அது கடன், கொடுங்கள். கம்பெனி தரப்பு சொன்னது: நிபந்தனை நிறைவேறாதபோது கடன் எங்கே பிறந்தது? எங்கள் கஜானா நன்றாகத்தான் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் யார் சொல்வது இறுதியில் சரி என்று அளக்கப் புகவில்லை. இது நேர்மையான தகராறா, அல்லது பணம் இல்லாததை மறைக்கப் போட்ட திரையா என்று மட்டும் பார்த்தது. மூன்று மாதத்துக்கு அப்பால் கொடுப்பதாக டிவிடெண்ட் அறிவிக்க முடியுமா என்பதே விவாதத்துக்குரிய சட்டக் கேள்வி. கம்பெனி இயலாமையை மறைக்கவில்லை. ஆகவே மனு நிற்காது. பக்லியின் வாசகத்தை ஏற்று, அழுத்தம் கொடுக்கப் போடும் மனு தள்ளுபடி செய்யப்படும் என்றது.

இந்தத் தீர்ப்பின் சாரத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கடன் விஷயத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கொடுக்க வேண்டுமா? கொடுக்க முடியுமா? முதல் கேள்விக்கு விடை தெரியாதவரை இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இடமில்லை. கலைப்புச் சட்டம் இரண்டாவது கேள்விக்காக உண்டாக்கப்பட்டது. அதைக் கொண்டு முதல் கேள்வியை அடித்து முடிக்கப் பார்த்ததுதான் தவறு.

இரண்டு வருடம் கழித்து, 1967-இல், நேஷனல் காண்ட்யூட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவை அடைத்தது. மனு வந்தவுடன் விளம்பரத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்து, அதன் பதிலைக் கேட்டு, பிறகு மனுவை ஏற்பதா என்று நீதிபதி முடிவு செய்யலாம். பத்திரிகை விளம்பரத்தின் விஷம் அதோடு பாதி இறங்கியது.

1971-இல் மதுசூதன் கோர்தன்தாஸ் வழக்கு அளவுகோலை இன்னும் தெளிவாக்கியது. கம்பெனியின் மறுப்பு நல்லெண்ணத்தோடு, சாரமுள்ளதாக இருக்க வேண்டும். சட்டப்படி வெல்லக்கூடிய வாய்ப்பு அதற்கு இருக்க வேண்டும். அது நிற்கும் உண்மைகளுக்கு மேலோட்டமான ஆதாரமாவது காட்டப்பட வேண்டும். கூடவே மறுபக்கமும் சொன்னது: கடனை ஒப்புக்கொண்டு, பணமும் வைத்துக்கொண்டு, மனம் வராமல் இழுத்தடிக்கும் கம்பெனிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மொத்தத் தொகையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கிறது என்று மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நாற்பத்தைந்து வருடம் உயர் நீதிமன்றங்கள் இந்த அளவுகோலை வைத்துத்தான் மனுக்களைச் சலித்தன.

பஞ்சாயத்துக்கு ஒத்துக்கொண்ட இருவர்

கதையில் மூன்றாவது பாத்திரம் ஒன்று நுழைகிறது: ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல், இருவரும் ஒத்துக்கொண்ட நடுவரிடம் போவோம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது.

இது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. நகரத்தார் தங்களுக்குள் எழுந்த கணக்குத் தகராறுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதைக் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து, இரு தரப்புப் பேரேடுகளையும் விரித்து, பற்று வரவைச் சரிபார்த்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். ரங்கூனிலும் கோயில்தான் கூடும் இடம். மாதாமாதம் நடப்பு வட்டி முடிவானதும் அங்கேதான். சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய அரசே 1816-இல் கிராமப் பஞ்சாயத்துகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்துப் பார்த்தது. தொண்டைமான் அரசாகத் தனித்திருந்த புதுக்கோட்டையை அந்தச் சட்டம் தொடவில்லை. 1948 மார்ச் 3-இல் இந்திய யூனியனோடு இணைந்து, திருச்சி மாவட்டத்துக்குள் வந்த பிறகுதான் இந்தப் பகுதி முழுமையாகச் சென்னையின் நீதிமன்ற வளையத்துக்குள் வந்தது.

எழுதப்பட்ட ஆர்பிட்ரேஷன் சட்டம் 1899-இல் வந்தது, பிறகு 1940-இல் திருத்தமான ஒன்று, 1996-இல் ஐ.நா.வின் மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி இப்போதுள்ள சட்டம். 1996-க்குப் பிறகு பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்திலெல்லாம் ஆர்பிட்ரேஷன் ஷரத்து ஏறிவிட்டது. பழைய பஞ்சாயத்தில் நடுவர் இரு தரப்புக்கும் தெரிந்த பெரியவர். இந்தப் பொடி எழுத்தில் நடுவர் வாங்குகிறவர் சொன்ன ஊரில், வாங்குகிறவர் வசதிப்படி உட்காருவார். கையெழுத்துப் போடும் பட்டறைக்காரர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அபூர்வம்.

ஷரத்து பெருகியதும் கேள்வி எழுந்தது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருக்கிறது. ஒருவர் பணம் கேட்டுக் கலைப்பு மனுப் போடுகிறார். மற்றவர், எங்களுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது, நடுவரிடம் அனுப்புங்கள் என்கிறார். எது ஜெயிக்கும்?

1999-இல் ஹரியானா டெலிகாம் எதிர் ஸ்டெர்லைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் நேராகப் பதில் சொன்னது. நடுவரால் ஒரு கம்பெனியைக் கலைக்க முடியாது. அந்த அதிகாரம் சட்டம் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. கலைப்பு மனு பணம் வசூலிக்கும் வழக்கும் அல்ல. ஆகவே ஷரத்தைக் காட்டிக் கலைப்பு மனுவை நடுவரிடம் தள்ள முடியாது. இரண்டு பேர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட காகிதம், மற்றக் கடன்காரர்களும் தொழிலாளிகளும் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை எப்படிக் கட்டும்? 2011-இல் பூஸ் ஆலன் வழக்கில் நீதிமன்றம் நடுவரிடம் போக முடியாத விஷயங்களைப் பட்டியலிட்டபோது, திவாலும் கலைப்பும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஆனால் ஷரத்தால் பயனே இல்லை என்று ஆகிவிடாது. கடன் உண்மையிலேயே தகராறில் இருந்தால் பழைய 1965 விதிப்படி மனு தள்ளுபடியாகும். தள்ளுபடியான பின் அந்தத் தகராறு எங்கே போகும்? ஒப்பந்தத்தில் சொன்ன நடுவரிடம்தான்.

நடன நிகழ்ச்சியும் ஒரு கடிதமும்

2016 டிசம்பர் 1-இல் புதிய திவால் சட்டத்தின் கம்பெனிப் பகுதி நடைமுறைக்கு வந்து ஆட்டத்தை மாற்றியது. கடனைக் கட்ட முடியாத கம்பெனி என்ற காரணத்துக்கான மனுக்கள் உயர் நீதிமன்றத்தை விட்டு, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போயின. தமிழ்நாட்டுக்கு அது சென்னையில் உட்கார்ந்திருக்கிறது. உடனே கலைப்பு என்பதற்குப் பதில், முதலில் கம்பெனியைக் காப்பாற்ற வழி தேடு, முடியாவிட்டால் கலை என்று வரிசை மாறியது. மூன்று வாரம் பத்து நாளாகச் சுருங்கியது. சரக்கோ சேவையோ கொடுத்துப் பணம் வராதவர் நோட்டீஸ் அனுப்பினால், கம்பெனி பத்து நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், அல்லது தகராறு இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

தகராறு என்றால் எவ்வளவு தகராறு? சட்டத்தின் முன்வரைவில் நல்லெண்ணத் தகராறு என்றே இருந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த அடைமொழியைக் காணோம். இந்த வித்தியாசத்தின் பலன் 2017 செப்டம்பர் 21-இல் மொபிலாக்ஸ் வழக்கில் தெரிந்தது.

வழக்கின் சங்கதி சுவாரஸ்யமானது. நாச் பலியே என்ற தொலைக்காட்சி நடன நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் தொலைபேசி வழி ஓட்டுப் போடும் வேலையை மொபிலாக்ஸ் எடுத்து, அதில் ஒரு பகுதியைக் கிருஸா என்ற கம்பெனியிடம் கொடுத்தது. ரகசியம் காப்போம் என்று இருவருக்கும் ஒப்பந்தம். கிருஸா தன் இணையப் பக்கத்தில் அந்த வேலையைச் செய்ததாகப் பெருமையோடு போட்டுக்கொண்டது. ஒப்பந்தம் மீறப்பட்டது, பணம் கிடையாது என்று 2015 ஜனவரி 30-இல் மொபிலாக்ஸ் எழுதியது. கிருஸா திவால் சட்ட நோட்டீஸ் அனுப்பியது 2016 டிசம்பரில்.

நீதிபதி நாரிமன் எழுதிய தீர்ப்பு, ஏறத்தாழ இரண்டு வருடம் முந்திய அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டது. நோட்டீஸ் வருவதற்கு முன்பே தகராறு இருந்திருக்கிறது. அது வெல்லுமா தோற்குமா என்பது தீர்ப்பாயத்தின் வேலை அல்ல. மேலும் விசாரிக்க வேண்டிய, ஏற்கத்தக்க வாதம் ஒன்று இருந்தால் போதும், மனு தள்ளுபடி. வெறும் கற்பனையாக, உள்ளீடற்றதாக இருந்தால் மட்டுமே தகராறைப் புறந்தள்ளலாம். கோர்ட்டிலோ நடுவரிடமோ வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

1971-இன் அளவுகோலோடு ஒப்பிட்டால் கடனாளிக்கு வாசல் அகலமாகியிருப்பது தெரியும். அங்கே வெல்லக்கூடிய வாதம் வேண்டும். இங்கே பேசத்தக்க வாதம் போதும். அடுத்த வருடம் 2018 ஆகஸ்ட் 14-இல் கே.கிஷன் வழக்கு இன்னும் ஒரு படி போனது. நடுவர் தீர்ப்பு வந்துவிட்டது, தொகையும் முடிவாகிவிட்டது. ஆனால் அதை எதிர்த்து ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் மனு நிலுவையில் இருக்கிறது. அதுவும் தகராறுதான், திவால் மனு நிற்காது என்றது உச்ச நீதிமன்றம்.

வங்கிக்கு மட்டும் இந்தக் கஷ்டமில்லை. கடன் கொடுத்த நிதி நிறுவனம் திவால் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் வரும்போது, தவணை தவறியதா என்பதே கேள்வி. தொகையில் தகராறு என்று சொல்லித் தப்புவது எளிதல்ல. 2021-இல் இண்டஸ் பயோடெக் வழக்கில் நிதி நிறுவனம் ஒருபக்கம், ஆர்பிட்ரேஷன் கேட்டவர் மறுபக்கம் நின்றபோது உச்ச நீதிமன்றம் வரிசையைத் தெளிவாக்கியது: முதலில் தவணை தவறியதா என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். தவறியது உறுதியாகி மனு ஏற்கப்பட்டால் பிறகு நடுவருக்கு இடமில்லை. தவறவில்லை என்றால் தகராறு நடுவரிடம் போகலாம்.

இதே முடிச்சு உலகெங்கும் இருந்தது. ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலே கலைப்பு மனு பெரும்பாலும் நிற்காது என்று இங்கிலாந்து 2014-இல் சால்ஃபோர்டு வழக்கில் சொன்னது. சிங்கப்பூர் 2020-இல் அதே பக்கம் சாய்ந்தது. 2024 ஜூன் 19-இல் லண்டன் பிரிவி கவுன்சில் சியான் வழக்கில் சால்ஃபோர்டு தவறு என்று தள்ளி, கடன் உண்மையாகவும் சாரமாகவும் தகராறில் இருக்கிறதா என்ற பழைய கேள்விக்கே திரும்பியது. ஷரத்து மட்டும் இருந்தால் போதாது, தகராறும் இருக்க வேண்டும். ஜெசல் 1874-இல் நின்ற இடத்துக்கு நூற்றைம்பது வருடம் கழித்து வந்து நின்றிருக்கிறார்கள்.

மாத்தூர்க்காரருக்கு இதனால் என்ன

ஒரு பட்டறை, வைத்துக்கொள்வோம், பாய்லர் பாகங்கள் செய்து பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புகிறது. நாற்பது லட்சம் பில். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் வெல்டிங் சரியில்லை, சரக்குத் தாமதம், அதற்கு இவ்வளவு பிடித்தம் என்று பதில் வருகிறது. 1965-இல் என்றால் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் பாக்கி இருந்தாலே கலைப்பு மனுப் போடத் தகுதி உண்டு. இன்று முதல் தடை தொகையிலேயே இருக்கிறது. திவால் சட்டத்தின் தொடக்க வரம்பு ஒரு லட்சமாக இருந்தது. கொரோனா ஊரடங்கு அறிவிக்கப்பட்ட 2020 மார்ச் 24-இல் அது ஒரு கோடியாக்கப்பட்டது. நோய் போய்விட்டது, ஒரு கோடி போகவில்லை. நாற்பது லட்சக்காரருக்குச் சென்னைத் தீர்ப்பாயத்தின் வாசல் மூடியிருக்கிறது. ஒரு கோடிக்கு மேல் பாக்கி உள்ளவருக்கோ மொபிலாக்ஸ் தடை காத்திருக்கிறது: நோட்டீஸுக்கு முன்பே தரம் சரியில்லை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்திருந்தால் எதிர்த்தரப்புக்குப் போதும்.

விதி தவறு என்று நான் சொல்லமாட்டேன். தகராறுள்ள கடனுக்காக ஒரு கம்பெனியைத் தூக்கிலிடச் சம்மதித்தால், நாளை மாத்தூர்ப் பட்டறையையே ஒரு இரும்பு வியாபாரி அந்த வழியில் மிரட்டலாம். ஆனால் விதி பிறந்தபோது அது மிரட்டலுக்கு ஆளான கம்பெனியைக் காக்கப் பிறந்தது. இன்று ஒரு கோடி வரம்பும் தளர்ந்த அளவுகோலும் சேர்ந்து, கொடுக்க முடிந்தும் கொடுக்காதவருக்கு அது நிழலாகிக் கொண்டிருக்கிறது. 1971 தீர்ப்பு அப்படிப்பட்டவருக்குப் பாதுகாப்பில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்ததை நாம் மறந்துவிட்டோம்.

சிறுதொழில்காரருக்கு இப்போதைக்கு அருகிலுள்ள வழி வேறு சட்டத்தில் இருக்கிறது. 2006-ஆம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. தகராறை மாநில வசதிக் கவுன்சிலிடம் கொண்டுபோகலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் ஆர்பிட்ரேஷன். சரக்குக் கொடுத்தவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கே அதிகாரம், வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும். எதிர்த்தரப்பு மேலே போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். பர்ச்சேஸ் ஆர்டரில் மும்பையில் ஆர்பிட்ரேஷன் என்று பொடி எழுத்தில் இருந்தாலும் இந்தச் சட்டம் அதை மீறி நிற்கும் என்று 2022 அக்டோபர் 31-இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒப்பந்தம் போடும்போதே தொழில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பின்படி, வேலை எடுத்த பிறகு பதிவு செய்துகொண்டு ஓடுகிறவருக்குப் பலனில்லை.

மாத்தூரிலும் விராலிமலைப் பக்கத்திலும் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று காரியங்கள் உண்டு. வேலை எடுக்கும் முன்பே பதிவுச் சான்றிதழை முடித்து, அதன் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுவது. சரக்கு இறங்கியதும் எடை, தரம், எண்ணிக்கை சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது. யாராவது குறை சொல்லி மெயில் போட்டால், அதே வாரத்தில் மறுத்துப் பதில் எழுதுவது. கிருஸாவைச் சாய்த்தது இரண்டு வருடப் பழைய ஒரு கடிதம். பட்டறைக்காரரின் கோப்பில் அதேபோல் தேதியிட்ட ஒரு பதில் இருந்தால், பின்னாளில் ஜோடிக்கப்படும் தகராறு கவுன்சில் முன்னாலும் நடுவர் முன்னாலும் நிற்பது கடினம்.